வருது என்று சொல்ல வேண்டியவள்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. செத்த மனுஷனுக்கு வெயில் என்ன, முள் என்ன, இந்த உடைமரத்து நிழலில் என் தோளை ஒட்டி உட்காருங்கள். நான் வாயைத் திறக்கப் போவதில்லை, மனசுக்குள்ளேதான் பேசுவேன், உங்களுக்கு அது போதும். உயிரோடு இருந்தபோது நான் வாய்விட்டுச் சொன்னது எதையும் நீங்கள் கேட்டதில்லை, போன பிறகுதான் ஒழுங்காகக் கேட்கிறீர்கள். இன்றைக்குப் பேட்டரி வண்டி பார்க்க வந்திருக்கிறோம். கரி கிடையாது, டீசல் கிடையாது, தலைக்கு மேலே கம்பி கிடையாது, போனுக்கு ஏற்றுகிற மாதிரி சார்ஜ் ஏற்றி ஓட்டிப் பார்க்கிறார்களாம். ஆட்களை இன்னும் ஏற்றவில்லை, வெறும் வண்டிதான், ஸ்டேஷனிலிருந்து கிளம்பி இந்தக் கிளைப் பாதையில் தேரி மேடு வரை போய்த் திரும்புமாம். அதோ நிற்கிறார் பாருங்கள் உங்கள் மருமகன் இன்பராஜ், தண்டவாளம் ரெண்டுக்கும் நடுவில், வளைவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டைக் கசங்கல்கூட இல்லாமல். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, நீங்கள் போய் மறு வருஷம்தான் கல்யாணம். அவர் என்று சொல்கிறேன், கேட்கிறதா, பழக்கம், மனசுக்குள் யாருக்குப் பயந்து அவர் என்கிறேனோ தெரியவில்லை. எதிரே மூன்று கால் கம்பியில் போனை மாட்டி வைத்துக்கொண்டு நிற்கிறவள் நம் புனிதா. அவள் மூச்சைக் கேளுங்கள். உள்ளே போகிறது, பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது, திரும்பி வந்துவிடுகிறது. விலா எலும்பு. எக்ஸ்ரே எடுக்கவில்லை, எடுக்க விடவில்லை, எனக்குக் கேட்கிறது, எலும்பு எலும்பில் உரசினால் மூச்சு அப்படித்தான் வரும். நம் வீட்டுக் கெட்டிக்காரி அவள்தான், நீங்களும் நானும் இல்லை. சின்னதிலேயே உங்கள் காலடிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் சோற்றுப் பானையை ஒளித்து வைக்கத் தெரிந்தவள், நீங்கள் எட்டி உதைத்தால் உடைவது வெறும் பானையாக இருக்கட்டும் என்று.

மாப்பிள்ளை போடுகிற ரயில் வீடியோ எப்படி நடக்கும் என்றால், அவர் வண்டி வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டே நிற்பார், நான் ஓரமாக உட்கார்ந்து காதைக் கொடுத்திருப்பேன். வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே எனக்குக் கேட்டுவிடும். ‘வருது’ என்பேன். அந்த ஒரு சொல்தான் என் வேலை. ‘என்ன வருது அத்தை?’ என்பார், திரும்ப மாட்டார். ‘கூட்ஸு மாப்ளே, காலிப் பெட்டி’ என்பேன், சரக்கு இருக்கிறதா இல்லையா என்று சக்கரமே சொல்லிவிடும். பிறகு அவர் ரெண்டு கையையும் விரித்து, சிரித்து, ஒரு அவசரமும் இல்லாமல் ஓரத்துக்கு ஒதுங்குவார், அவர் நின்ற இடத்தில் வண்டி அடித்துக்கொண்டு போகும். ஊரெல்லாம் இதைப் போனில் பார்க்கிறது. சந்தையில் முகம் தெரியாத பெண்பிள்ளை வந்து, ‘எம்மா, ஒரு தடவை வருதுன்னு சொல்லுங்களேன்’ என்று கேட்கிறாள். சொன்னேன். கைதட்டினார்கள். வெட்கமாகவும் இருந்தது, ருசியாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். எனக்கு ரயில் கிறுக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததா. கேட் பூட்டியதும் வரிசையாக நிற்கிற பஸ்ஸுக்கும் லாரிக்கும் அவிச்ச கடலை விற்றவள் நான். கூட்ஸ் என்றால் கேட் திறக்க நேரமாகும், கூடையோடு கடைசி லாரி வரை போகலாம். பாசஞ்சர் என்றால் முன்னால் நிற்கிற பஸ்ஸோடு சரி. வயிற்றுக்காகக் கேட்கப் பழகிய சத்தம், பிறகு அதைக் கேட்காவிட்டால் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. உங்களைக் கொண்டுபோனதும் அதுதான். ‘அதுக்கு அப்புறமும் எப்படி மதினி அதப் பாக்கப் போறீக?’ என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். வண்டி என்ன செய்யும். வண்டி யாரையும் தேடி வருவதில்லை. வீட்டுக்குள் தேடி வந்து அடித்தது வேறு.

காலையில் ஸ்டேஷனில் அவ்வளவு கூட்டம். மாப்பிள்ளையின் கூட்டாளி தாமோதரன், அவனும் வண்டி படம் பிடிக்கிறவன்தான், வாய்க் கொழுப்பு ஜாஸ்தி, நல்ல பையன். ‘என்ன அத்தை, இன்னைக்கு உங்க காதுக்கு லீவா? சத்தமே வராதாமே இது’ என்றான். ‘உன் பெஞ்சாதி பேசுறது உனக்குக் கேக்கலைன்னா அவ ஊமைன்னா அர்த்தம்?’ என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார், சிரித்துக்கொண்டே புனிதாவின் தோளில் கை போட்டார், பார்க்கிறவனுக்குப் பிரியம். அந்தக் கட்டை விரல் போய் எந்த இடத்தில் உட்கார்ந்து அழுத்தியது என்று எனக்குத் தெரியும், அங்கே போன வாரத்து இஸ்திரிப்பெட்டிச் சூடு இன்னும் தோல் கட்டவில்லை. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், மூச்சு மட்டும் அறுந்தது. போலீஸ்காரர் விசில் ஊதிக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளினார். ‘இங்க நின்னா நம்ம வீடியோல அவர் தொப்பிதான் தெரியும், வளைவுக்குப் போவம்’ என்றார் மாப்பிள்ளை. ‘தாமு, வண்டி நகண்டதும் புனிதா போனுக்கு அடி. என் போனு ஏரோப்ளேன் மோடுல கிடக்கும்.’ இந்த வீடியோக்காரர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, படம் ஓடும்போது நடுவில் யாராவது கூப்பிட்டால் படம் அறுந்துபோகுமாம், அதனால் யாரும் கூப்பிட முடியாதபடி போனை அடைத்து வைத்துவிடுவார்கள். வேலிக்குள் புகுந்து இங்கே வந்து சேர்ந்தோம். வேறு ஒரு ஈ காக்காய் இல்லை. ஸ்டேஷன் பக்கத்திலிருந்து வருகிற பாதை அந்த மண்மேட்டைச் சுற்றி வளைகிறது, வளைவு தாண்டினால்தான் வண்டி நம்மைப் பார்க்கும், நாமும் வண்டியைப் பார்ப்போம். வெயில் தண்டவாளத்தில் விழுந்து கண்ணைக் குத்துகிறது. ஜல்லிக்கல் சூட்டில் மலம் காய்ந்த நாற்றம், எண்ணெய் நாற்றம். நல்ல கல். கைக்கு அடங்குகிற கல். ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை.

உங்கள் அடி ஊருக்கே கேட்கும். நீங்கள் டீசல் இன்ஜின், தூரத்திலேயே தடதடவென்று தெரிந்துவிடும், கதவை உதைத்து, அம்மாளை ஆத்தாளைத் திட்டி, பாத்திரத்தை எறிந்து, அதற்குப் பிறகுதான் கை என் மேல் விழும். அதற்குள் பக்கத்து வீட்டு ஞானப்பழம் ஓடி வந்து உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இவன் அப்படி இல்லை. அவன். சொல்லிவிட்டேன் பாருங்கள், அவன். இவன் டிவியைக் கொஞ்சம் கூட வைப்பான். ஈரத் துண்டை முறுக்குவான். ‘சத்தம் வந்துச்சுன்னா இன்னும் ஒண்ணு’ என்று தாழ்வாக, ஜெபம் சொல்கிற குரலில் சொல்வான். நான் அங்கே போய்த் தங்கியிருந்த நாளில் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டேன், துண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம், சதையில் படுகிற சத்தம், அவள் தலையணையைக் கடிக்கிற சத்தம். எண்ணவில்லை. எண்ணினால் எழுந்து போய் அரிவாள்மனையை எடுத்திருப்பேன். மீன் அறுக்கிற அரிவாள்மனை, சீலா மீன் தலையை ஒரே அழுத்தில் துண்டாக்குவது, அவன் கழுத்து அதைவிட மெலிசுதான், படுத்திருக்கும்போது தொண்டை முடிச்சு ஏறி இறங்குகிறது, அங்கே வைத்து, உடம்பு பாரத்தைக் கொடுத்து. இல்லாவிட்டால் கடலை அவிக்கிற அண்டா, கொதி தளதளவென்று வந்த நேரத்தில் தலை வழியே, தோல் கிழங்குத் தொலி மாதிரி உரிந்து வரும். நினைத்தேன், ஒவ்வொரு தடவையும் நினைத்தேன், காலையில் எழுந்து அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். ‘சீனி கம்மியா இருக்கு அத்தை’ என்றான். இன்னொரு கரண்டி போட்டேன். அந்தக் கரண்டியை நினைத்தால்தான் இப்போதும் நெஞ்சு எரிகிறது. முதல் பிள்ளை அவள் வயிற்றில் நாலு மாசம், குளியலறைத் தரையில் மிதித்தான், மிதித்துவிட்டு அவனே தண்ணீர் விட்டுக் கழுவினான், ‘வழுக்கி விழுந்துட்டா’ என்று ஆஸ்பத்திரியில் அழுதான், நர்ஸ் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து ஆறுதல் சொன்னாள். ஸ்டேஷனுக்கும் போனோம், ரயில் ஸ்டேஷன் இல்லை, மற்றது. ‘வீடியோ போடுற தம்பிதானே, நல்ல மாதிரி ஆச்சே’ என்று எழுதிக்கொள்ளவே இல்லை. நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வந்து வாசலில் நின்றான், கையில் ஆப்பிள் பழம். ‘ஓலைக் கூரை அத்தை, பாத்து இருங்க, கோடை காலம்’ என்றான். அவ்வளவுதான் சொன்னான். புனிதா தானே எழுந்து செருப்பைப் போட்டாள். இன்றைக்குக் காலையில் பஸ்ஸில், அவன் முன்னால் நின்று யாருடனோ சிரித்துக்கொண்டிருக்க, என் காதோரம் வந்து, ‘திரும்பவும் வயித்துல நிக்குதும்மா’ என்றாள். ‘அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா யாருக்குன்னு கேப்பாரு. போன தடவையும் அப்படித்தான் கேட்டாரு.’ நான் ஜன்னலுக்கு வெளியே பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடுகிற பனை எல்லாம் அவனாகத் தெரிந்தது, ஒன்றுக்கும் தலை இல்லை.

‘ஏட்டி, கம்பிய நேரா வையி. கண்ணு எங்கிட்டு இருக்கு’ என்கிறான், தாழ்வாக, பல் தெரிய. வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒரு முறுக்கு, விரல் வெளுக்கிறது, கம்பி நேராகிறது. போய் நின்றுகொண்டான். ஓடுகிறதா என்று சைகையில் கேட்கிறான், ஓடுகிறது என்று அவள் தலையாட்டுகிறாள். உடனே வேறு முகம், தேன் தடவிய முகம். ‘வணக்கம் மக்களே! சத்தமே இல்லாத வண்டி, என் முதுகுக்குப் பின்னால வரப்போவுது. நான் திரும்ப மாட்டேன். எங்க அத்தை காத நம்பி நிக்கேன். சத்தமில்லாத வண்டிய அத்தை காது பிடிக்குமா பிடிக்காதா? பிடிக்கலைன்னா...’ கழுத்தை விரலால் அறுத்துக் காட்டிச் சிரிக்கிறான். நானும் சிரிக்கிறேன், பாருங்கள், என் முகம் தானாகச் சிரிக்கிறது, போன் இருக்கிற பக்கம் முகம் அப்படிப் பழகிவிட்டது. பேசுகிறான், பேட்டரி எங்கே இருக்கும், எவ்வளவு நேரம் ஓடும், கையை ஆட்டி ஆட்டி. அந்தக் கை. அப்போதுதான் கேட்டது. ர்ர்ர். வண்டி இல்லை. புனிதாவின் இடுப்பில் செருகியிருக்கிற போன். துணிக்குள் ஒரு வண்டு புரளுகிற மாதிரி, ர்ர்ர், நிற்கிறது, மறுபடி ர்ர்ர். தாமோதரன் கூப்பிடுகிறான். வண்டி நகர்ந்துவிட்டது. அவளுக்கு உடம்பிலேயே தெரியும், காது எதற்கு. அவள் கை போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்கிற மாதிரி. போன் அடங்கியது. மறுபடி அடித்தது. அடங்கியது. என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், ஒரே பார்வை. ஏங்க, பார்த்தீர்களா அதை? அவள் முடிவு பண்ணிவிட்டாள். இதை எப்போது முடிவு பண்ணினாள், பஸ்ஸிலா, கயிற்றுப் பக்கத்திலா, இல்லை அந்தக் குளியலறைத் தரையிலேயா. இனி மிச்சம் இருப்பது என் வாய் ஒன்றுதான். நான் அந்தச் சொல்லைச் சொன்னால் அவன் ஒதுங்குவான், சாயங்காலம் வீட்டுக்குப் போவான், டிவியைக் கொஞ்சம் கூட வைப்பான். சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்திருக்கிறேன், கிழவிக்குக் கேட்கவில்லை, சத்தமில்லாத வண்டி, யார் என்னைக் கேட்கப் போகிறார்கள்.

கேட்கிறது. ஐயோ, நன்றாகக் கேட்கிறது. இன்ஜின் கிடையாது, புகை கிடையாது, ஆனால் இரும்பு வாய் மூடாது, தண்டவாளம் மெல்ல முனகத் தொடங்கிவிட்டது, பால் பொங்கும் முன்னால் சட்டி விளிம்பில் வருமே அந்தச் சத்தம். அவனுக்குக் கேட்காது, அவன் பேசிக்கொண்டிருக்கிறான், அவன் காதுக்கு இன்ஜின்தான் வண்டி. நீங்களும் பேசிக்கொண்டுதான் இருந்தீர்கள். கேட் கம்பிக்கு அடியில் குனிந்து போனீர்கள், குடித்திருந்தீர்கள், நான் கூடையோடு இந்தப் பக்கம். ‘ஏங்க, கூட்ஸு வருது’ என்று கத்தினேன். கத்தினேன், ஊரே சாட்சி, ஞானப்பழம் சாட்சி. கத்தாமல் இருந்திருந்தால் நீங்கள் பாட்டுக்குத் தாண்டிப் போயிருப்பீர்கள். என் குரலைக் கேட்டு நின்றீர்கள், திரும்பினீர்கள், ‘நீ யாருடி எனக்குச் சொல்ல’ என்று கையை ஓங்கினீர்கள், தண்டவாளத்தின் நடுவில் நின்று என்னை அடிக்க ஓங்கிய கை அப்படியே. தேங்காய் உடைத்த மாதிரி என்றார்கள். அப்படி இல்லை. அப்படி இல்லவே இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி, அதற்குள்ளே குச்சி முறிகிற மாதிரி, பிறகு பெட்டி பெட்டியாக அதன் மேலேயே போகிற சத்தம், நிற்காமல். கடலை எல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. உங்கள் கை ஒன்று கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது, என்னை அடிக்கிற கை, விரல் மடங்கி. அதைக் கண்டு முதலில் நான் பின்னால் நகர்ந்தேன், தெரியுமா, இன்னும் அடிக்கும் என்று. இப்போது சொல்லுங்கள், கூப்பிடுவதா, வேண்டாமா. கூப்பிட்டும் ஒருவர் செத்தார். கூப்பிடாமல் ஒருவன் சாகட்டுமே. சாகட்டும். நசுங்கட்டும். அந்தக் கட்டை விரல் முதலில் போகட்டும், பிறகு மிதித்த கால், ஜல்லியோடு ஜல்லியாக. தண்டவாளம் முனகல் ஏறுகிறது, என் பல்லில் கூசுகிறது, கையில் இருக்கிற கல்லில்கூட. அவன் கழுத்துப் பின்புறம் இங்கிருந்து தெரிகிறது, முடி வெட்டிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, சின்னப் பிள்ளைக் கழுத்து மாதிரி வெளுப்பாக. யார் பெற்றதோ. சனியனே, அதை ஏன் பார்த்தேன். அந்த மயிர்க்கோட்டுக்குக் கீழே ஒரு மரு, அவன் அம்மா குளிப்பாட்டும்போது தடவிக் கொடுத்திருப்பாள். வேண்டாம். பார்க்காதே. வயிற்றில் இருக்கிறதைப் பார். குளியலறைத் தரையைப் பார். பார்க்கிறேன், பார்க்கிறேன், ஆனால் அந்தச் சத்தம், ஏங்க, அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது, அவனுக்காக இல்லை, அவன் எரிந்து போகட்டும், என்னால் முடியாது.

‘வருது’ என்றேன். சொல்லவில்லை, குமட்டி வெளியே வந்தது. ‘வருது மாப்ளே! வருது! இறங்குங்க!’ என்று எழுந்தேன், கால் மரத்துப்போய் மறுபடி முள்ளிலேயே விழுந்தேன். அவன் பேச்சை நிறுத்தினான். ஒரு கையை உயர்த்தித் தலையைச் சாய்த்துக் கேட்டான். மரத்தில் ஒரு குருவி. வேறொன்றும் இல்லை அவனுக்கு. ‘என்ன அத்தை, பயங்காட்டுதீய? ஸ்டேஷன விட்டே கிளம்பியிருக்காது’ என்று சிரித்தான். பிறகு, திரும்பாமலே, திரும்ப மாட்டேன் என்று மக்களுக்குச் சொல்லிவிட்டானே, அதனால் திரும்பாமலே, ‘ஏட்டி, தாமு கூப்பிட்டானா?’ என்றான். அப்போது மண்மேட்டுக்குப் பின்னாலிருந்து அது வந்தது. வெள்ளை வெளேரென்று, முகத்தில் ஒரு கீறல் இல்லாமல், மாலை போட்டு, ஒரு மூச்சுச் சத்தம் இல்லாமல், கனவில் வருகிற மாதிரி வந்தது. புனிதா அதைப் பார்த்தாள். அவன் தோளுக்கு மேலாக நேரே அதைப் பார்த்தாள். ‘இல்லங்க’ என்றாள், எவ்வளவு மரியாதையான குரல். ‘கூப்பிடல. நீங்க பேசுங்க.’ அவன் போனைப் பார்த்து, ‘எங்க அத்தைக்கு வயசாயிட்டு மக்களே’ என்று தொடங்கினான். நான் வாயைத் திறந்தேன், வாயில் மண். அவள் கம்பியை விட்டுவிட்டு, ரெண்டே எட்டில் மரத்தடிக்கு வந்தாள், அவனுக்கு முதுகைக் காட்டி என் முன்னால் முட்டி போட்டாள், என் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்தாள், ரெண்டு உள்ளங்கையாலும் என் ரெண்டு காதையும் இறுகப் பொத்தினாள்.